‘இந்திக்காரர்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொங்குப் பகுதியில் பதினெட்டு வருஷமாகச் செவிலியராக இருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவ வார்டில் காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான். எப்போதாவது கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் கன்னடம். இன்று அதே மாதிரி ஒரு வார்டில் ஒடியா, போஜ்புரி, வங்காளம், அசாமியம், சந்தாலி என்று கேட்கிறது. பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நூற்பாலை, கோழிப்பண்ணை, கட்டட வேலை எல்லாவற்றிலும் இவர்கள் இருக்கிறார்கள் என்றால், நம் ஓ.பி. வரிசையிலும் இருக்கத்தானே செய்வார்கள்.

ஏன் இப்படி மாறியது என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3.0. இங்கே வேலைக்கு வரும் இளையவர்கள் குறைந்து வயதானவர்கள் கூடுகிறார்கள். அங்கே இளையவர்கள் நிறைய, வேலைதான் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக முடிந்தது 2011இல். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இன்றைய திருப்பூரையோ ஸ்ரீபெரும்புதூரையோ புரிந்துகொள்ள முடியாது. நம் வார்டு பதிவேடுதான் இப்போதைக்கு உண்மையைச் சொல்கிறது.

ஆனால் அந்தப் பதிவேட்டில் நாம் என்ன எழுதுகிறோம்? ‘இந்திக்காரர், மொழி தெரியாது.’ அவ்வளவுதான். சிகிச்சையில் நடக்கும் பாதித் தவறுகள் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகின்றன என்பது என் அனுபவம். புதிதாக வரும் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், பதிவு மேசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நோயாளி உள்ளே வருவதில் தொடங்கி ரயில் ஏறுவது வரை, அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: எந்த மாவட்டம், வீட்டில் என்ன மொழி?

மாநிலத்தின் பெயர் மட்டும் போதாது. மாவட்டத்தைக் கேளுங்கள். அடுத்து, ‘வீட்டில் அம்மாவோடு என்ன மொழி பேசுவீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், ரத்த வகை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பீகாரிலிருந்து வருபவர் வீட்டில் மைதிலியோ மகஹியோ போஜ்புரியோ பேசுவார். பள்ளிக்குப் போயிருந்தால் இந்தி வரும். போகாத பெண்ணுக்கு நாம் பேசும் உடைந்த இந்தி பாதிதான் புரியும். ஜார்க்கண்டிலிருந்து வரும் முர்மு, சோரன், ஹேம்ப்ரம், டுடு என்ற பெயருள்ளவர்கள் பெரும்பாலும் சந்தால் பழங்குடியினர். அவர்களுடைய சந்தாலி மொழிக்கும் இந்திக்கும் உறவே கிடையாது, அது வேறு மொழிக்குடும்பம். அதற்கு ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ‘ஓல் சிக்கி’ என்ற தனி எழுத்தும் உண்டு. ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடாவிலிருந்து சூளை வேலைக்கு வருபவர்கள் பேசுவது சம்பல்புரி. இவர்கள் எல்லோரையும் ‘இந்திக்காரர்’ என்பது, நம்மை வடக்கே ‘மதராஸி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியது போலத்தான். நமக்கு அது எவ்வளவு வலித்தது என்று தெரியும்தானே.

இன்னொன்று: முதலில் தமிழிலேயே பேசிப் பாருங்கள். நான்கைந்து வருஷம் இங்கே இருப்பவர்களில் பலர் நன்றாகவே தமிழ் பேசுகிறார்கள். முகத்தைப் பார்த்ததும் கைச்சாடையில் இறங்குவது அவர்களுக்கு அவமானமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து நாம் பக்கத்தில் நின்று பேசும் பேச்செல்லாம் அவர்களுக்குப் புரியும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காதில் விழுந்ததை வைத்து எழுதாதீர்கள், ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். நம் எழுத்தில் க-வும் ப-வும் இரண்டு மூன்று ஒலிக்கு ஒன்றாகவே நிற்கும். அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பெயர் வேறாகிவிடும். திருமணத்துக்கு முன் ‘குமாரி’, பின் ‘தேவி’ என்று பெண்ணின் பெயர் மாறியிருக்கலாம். இனிஷியல் வழக்கம் அங்கே இல்லை, ‘இனிஷியல் என்ன?’ என்று விரட்டாதீர்கள். ஆண்கள் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று ‘ராஜு குமார்’ படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போடும் முன்பும் ரத்தம் ஏற்றும் முன்பும் பெயரோடு அப்பா பெயரையோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையோ சேர்த்துச் சரிபாருங்கள். ‘ராஜு?’ என்று கேட்டால் மூன்று பேரும் தலையாட்டுவார்கள்.

இரண்டாம் படி: இருபது சொல் போதும், ஆனால் சரியான இருபது

முழு மொழியையும் படிக்கச் சொல்லவில்லை. காய்ச்சல், வாந்தி, வலி, மூச்சு, தலைசுற்றல், மாதவிடாய், சிறுநீர், மாத்திரை, காலை, இரவு, எத்தனை நாள் என்கிற அளவுக்கு ஒவ்வொரு மொழியிலும் இருபது சொல்லை ஒரு அட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எழுதித் தரச் சொன்னால் நோயாளிகளின் உறவினர்களே ஆசையாக உட்கார்ந்து எழுதித் தருவார்கள். எங்கள் அட்டை அப்படி வந்ததுதான்.

நம் சொற்களில் சில அவர்களுக்கு நேராகவே புரியும். காய்ச்சலை நாம் ஜுரம் என்கிறோம், ஒடியாவில் ‘ஜர’, வங்காளத்தில் ‘ஜொர்’. வாந்திக்கு ஒடியாவில் ‘பாந்தி’. இருமலுக்கு வங்காளத்தில் ‘காஷி’, நம் பழைய ‘காசம்’ போல. ஒடியா அம்மாவிடம் ‘ஜுரமா? வாந்தியா?’ என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். இந்தியில் காய்ச்சலுக்கு ‘புகார்’. பதிவு மேசையில் ‘புகார், புகார்’ என்று சொன்ன ஒரு பையனை, ஏதோ புகார் கொடுக்க வந்திருக்கிறான் என்று அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு 103 டிகிரி இருந்தது.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் ‘கல்’. இந்தியில் ‘கல்’ என்றால் நேற்று, நாளை இரண்டும். வங்காளத்திலும் ஒடியாவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ‘கல் வா’ என்று நாம் சொல்வது நாளைக்கு என்று புரியலாம். ஆனால் வலி எப்போது தொடங்கியது, கடைசி மாத்திரை எப்போது, பனிக்குடம் எப்போது உடைந்தது என்ற கேள்விகளில் இந்தச் சொல்லை நம்பவே கூடாது. கிழமையைக் கேளுங்கள். காலண்டரை நீட்டி விரலை வைக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கு என்றால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுங்கள்.

மரியாதை. நம் ஆட்களுக்குத் தெரிந்த இந்தி ‘ஆவோ, ஜாவோ, பைட்டோ’. இது ‘வா, போ, உட்கார்’ என்கிற அளவுதான். ‘ஆயியே, பைட்டியே’ என்றால்தான் ‘வாங்க, உட்காருங்க’. நாக்குக்கு அதிக வேலை ஒன்றும் இல்லை. பெண்ணை ‘தீதி’ என்றும் ஆணை ‘பையா’ என்றும் கூப்பிடலாம், இரண்டும் அக்கா, அண்ணன் என்ற பொருளில். ஆனால் நம் ஊரில் ‘ஏய் பையா’ என்று விளிப்பது அந்தச் சொல்லையே கெடுத்து வைத்திருக்கிறது. குரலில் ‘அண்ணா’ என்பது இருக்க வேண்டும். வங்காள இளைஞர் உங்களைத் ‘தாதா’ என்றால் கோபப்படாதீர்கள், அவர் அண்ணன் என்கிறார். சந்தால், முண்டா, ஒராவ் மக்களைப் பார்த்து ‘ஜோஹார்’ என்று ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள். இவ்வளவு தூரத்தில் அதைக் கேட்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: மொழிபெயர்ப்பவர் யார் என்று பாருங்கள்

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கூட வந்தவர் கடகடவென்று தமிழ் பேசினால் நமக்கு அப்பாடா என்று இருக்கும். ஆனால் அவர் யார்?

அடிபட்டு வந்தவரோடு நிற்பவர் பெரும்பாலும் ஆள் கூட்டி வந்த ஏஜென்ட் அல்லது சூப்பர்வைசர். மிஷினில் கை போனது, ‘ரூமில் வழுக்கி விழுந்தான்’ என்று மாறும். நீங்கள் அதை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரியில் எழுதிவிட்டால் அந்தத் தொழிலாளியின் இழப்பீடு, ஈ.எஸ்.ஐ. பலன் எல்லாம் அந்த ஒரு வரியில் போய்விடும். ஆகவே ஏஜென்ட்டை டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வேறொருவரை வைத்து, முடியாவிட்டால் போனில், நோயாளியிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, யார் மொழிபெயர்த்தார் என்பதையும் எழுதுங்கள்.

பெண் நோயாளி என்றால் இன்னொரு சிக்கல். பீகாரில் கணவரின் அண்ணனை ‘பைசுர்’ என்பார்கள். அவர் முன்னால் தம்பி மனைவி முகம் காட்டுவதும் பேசுவதும் வழக்கம் இல்லை. இங்கே வந்த குடும்பத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அந்த அண்ணனாக இருந்தால், அவரையே நாம் உள்ளே கூப்பிட்டு, ‘வெள்ளைப்படுதல் இருக்கிறதா கேளுங்கள்’ என்கிறோம். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ‘இல்லை’ என்பாள். கேள்வியே அவளிடம் போய்ச் சேர்ந்திருக்காது. பிள்ளைகளையும் இதற்கு இழுக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அம்மாவின் கருச்சிதைவைப் பற்றி மொழிபெயர்க்கக் கூடாது.

அப்படியானால் யார்? பக்கத்துக் கட்டிலில் குணமாகி வரும் பெண், அவர் சம்மதித்தால், சின்னச் சின்ன விஷயத்துக்கு. அந்தரங்கமான விஷயத்துக்கு, போன் ஸ்பீக்கரில் ஊரிலிருக்கும் அவளுடைய அக்காவோ அம்மாவோ. கூகுள் மொழிபெயர்ப்பில் ஒடியா, வங்காளம், அசாமியம், போஜ்புரி, மைதிலி எல்லாம் இருக்கின்றன. அரசின் பாஷினி செயலியும் உதவும். குறுகிய வாக்கியமாகப் பேசுங்கள். மருந்தளவு, அறுவை சிகிச்சைச் சம்மதம் இரண்டுக்கும் செயலியை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியில் ஒரு சோதனை. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், நம் ஆட்களும்தான். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து ‘காலையில் எது, ராத்திரி எது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நான்காம் படி: ஊரை வைத்து நோயை யோசியுங்கள்

மாவட்டத்தைக் கேட்கச் சொன்னதன் பலன் இங்கேதான். தமிழ்நாட்டில் படித்த நமக்குக் காய்ச்சல் என்றதும் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் என்று மனம் ஓடும். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவருக்கு மலேரியாவை, அதிலும் மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகையை, முதலிலேயே யோசிக்க வேண்டும். ‘கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள்?’ என்று கேட்காமல் காய்ச்சல் கேஸை மூடாதீர்கள். மலேரியாவின் விவாக்ஸ் வகை கல்லீரலில் பதுங்கிப் பல மாதம் கழித்தும் திரும்பும், ஆகவே ‘போன வருஷம் வந்துச்சு’ என்பதும் முக்கியமான தகவல்.

பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவருக்கு இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், எடைக் குறைவு எல்லாம் சேர்ந்து இருந்தால் மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் நினைவுக்கு வர வேண்டும். இப்போது மிகவும் குறைந்துவிட்ட நோய்தான். ஆனால் இங்கே பலர் ஒரு கேஸ்கூடப் பார்த்ததில்லை என்பதாலேயே தவறவிடுவோம். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் ஆர்.கே.39 விரைவுச் சோதனை இருக்கிறது.

அப்புறம் அரிவாள் செல் நோய், ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடமும், நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இருப்பது. இருபது வயசுப் பையன் இரவில் கை, கால், முதுகு எல்லாம் வலி என்று உருண்டு அழுவான். வெளியே காயம் இருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ‘நடிக்கிறான், லீவு வேண்டும்போல’ என்று ஒரு வலி ஊசி (டிக்ளோஃபெனாக்) போட்டு அனுப்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தான். அன்று முதல் இதை எல்லாப் புதியவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: அந்த மாவட்டம், அந்த வயது, காரணம் தெரியாத கடும் வலி என்றால் வலியை நம்புங்கள். ஆக்ஸிஜன் அளவைப் பாருங்கள், நீர்ச்சத்து கொடுங்கள், அரிவாள் செல் சோதனைக்கு அனுப்புங்கள். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிய பிறகு பலருக்கு ஊரிலேயே பரிசோதித்து அட்டை கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: மலேரியாவுக்குப் பிரைமாகுவின் தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டை யோசியுங்கள், அது இருந்தால் இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள், அதையும் அவர்கள் மொழியில். அசாம், வங்காளப் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாத்திரை சாப்பிடவில்லை என்று திட்டுவதற்கு முன் பரம்பரை ரத்தக் கோளாறுகளான ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா சோதனைக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கம் அது அதிகம்.

ஐந்தாம் படி: பிரசவ வார்டு

நான் அதிகம் வேலை பார்த்தது இங்கே. நாம் அதிகம் கோபப்படுவதும் இங்கேதான். ‘ஆபரேஷன் வேண்டாம்னு அடம் பிடிக்கிறாங்க, அறிவே இல்லை.’ இந்தப் பேச்சை வாரம் ஒரு முறையாவது கேட்பீர்கள். இரண்டு எண்களைப் பாருங்கள். அதே 2019–21 ஆய்வில், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், பீகாரில் 9.7. அவளுடைய அம்மா, அக்கா, அண்ணி, பக்கத்து வீட்டுப் பெண் என்று பத்துப் பேரை எண்ணினால் ஒருத்திக்குத்தான் வயிற்றைக் கிழித்திருக்கும், அதுவும் உயிர் போகும் நிலையில். நமக்குத் தினசரி நடக்கும் விஷயம், அவள் காதில் ‘நீ சாகக் கிடக்கிறாய்’ என்று விழுகிறது. பயப்படாமல் என்ன செய்வாள்?

ஆகவே காரணத்தைச் சொல்லுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பை டாப்ளரில் அவள் காதால் கேட்க வையுங்கள். அது குறைவதையும் கேட்கட்டும். சிசேரியன் முடிந்து எழுந்து நடக்கும் இன்னொரு பெண்ணைக் கட்டிலருகே கூட்டிவந்து காட்டுங்கள். இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். சண்டை போட்டுக் கையெழுத்து வாங்க அரை மணி நேரம் ஆகும்.

தியேட்டருக்கு அனுப்பும் முன் நகை கழற்றச் சொல்வோம். வங்காளப் பெண்கள் கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்புப் பவள வளையலும் இருக்கும், அவை அவர்களுடைய தாலி. நம் பெண்களிடம் தாலியைக் கழற்றச் சொல்லும்போது எப்படி மஞ்சள் கயிறு மாற்றியோ, பிளாஸ்திரி ஒட்டியோ சமாளிக்கிறோமோ, அதே பொறுமை இவர்களுக்கும் வேண்டும். காட்டரி (மின்சூட்டுக் கருவி) தேவை இல்லாத இடத்தில் துணி சுற்றி விட்டுவிடலாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் அவளையே கழற்ற விட்டு, மாமியார் கையிலோ கணவர் கையிலோ கொடுக்கச் சொல்லுங்கள். வெட்டி எறிவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

அங்கே கர்ப்பிணிக்கு எல்லாமே ‘ஆஷா தீதி’தான். வீட்டுக்கு வந்து கூட்டிப் போவார், அட்டையில் எழுதுவார், ஆஸ்பத்திரிக்குக் கூடவே வருவார். நம் சமவெளி மாவட்டங்களில் அந்த வேலை கிராம சுகாதாரச் செவிலியருடையது. இது அவளுக்குத் தெரியாது, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று லைன் வீட்டிலேயே ஏழு மாதம் காத்திருப்பாள். ‘ஏன் இவ்வளவு லேட்டா வர்றே?’ என்று கேட்பதற்கு முன், ‘இங்கே ஆஷா தீதி மாதிரி இந்த அக்கா’ என்று செவிலியரை அறிமுகம் செய்துவையுங்கள். ஊரில் கொடுத்த தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பாருங்கள், பல தடுப்பூசி விவரம் அதில் இருக்கும். பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) அன்றைக்கே போடுங்கள்.

குழந்தை பிறந்த ஆறாம் நாள் பீகாரில் ‘சட்டி’ சடங்கு. அதற்குள் வீட்டுக்குப் போகத் துடிப்பார்கள். தையல் காயவில்லை என்றால் வார்டிலேயே ஒரு சின்ன இனிப்போடு கொண்டாட விடுங்கள், ஓடிப்போக மாட்டார்கள். பிறந்த குழந்தை நாக்கில் தேனோ வெல்லமோ தடவுவதைப் பார்த்தால், நம் ஊரில் சேனை வைப்பதை எப்படிப் பக்குவமாக நிறுத்தச் சொல்வோமோ அப்படியே சொல்லுங்கள். அது அவர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

வயதைப் பார்க்கும்போது கவனம். 18 நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால், கல்யாணம் ஆகியிருந்தாலும் எந்த மாநிலமாக இருந்தாலும், தகவல் சொல்வது நம் சட்டக் கடமை. அதை அவளைக் குற்றவாளி போல நடத்தாமலும் செய்ய முடியும்.

ஆறாம் படி: ரேகை வேறு, சம்மதம் வேறு

தமிழில் அச்சிட்ட படிவத்தில் அவளுடைய பெருவிரலை மையில் ஒற்றி எடுத்தால் நம் கோப்பு நிறைந்துவிடும். ஆனால் அது சம்மதம் ஆகாது. பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைப்பதிலும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையிலும் இதை நான் மிகவும் கண்டிப்பாகச் சொல்வேன். 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அந்த வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், விளைவுகளை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் பெண் நம் படிவத்தைப் பார்த்து மிரண்டால் அவளுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. வலி வரும் முன்பே, கர்ப்ப காலப் பரிசோதனையின்போதே இதைப் பேசிவிடுங்கள். பிரசவ மேசையில் கேட்கும் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்ல முடியாது.

ஏழாம் படி: பணமும் அட்டையும்

சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி ஈ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் இங்கேயே சிகிச்சை பெறலாம். பலருக்கு எண் இருப்பதே தெரியாது, சம்பளச் சீட்டைக் கேளுங்கள். ஊரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை (ஒன்றிய அரசின் மருத்துவக் காப்பீடு) இருந்தால் காப்பீட்டு மேசையில் காட்டச் சொல்லுங்கள், வேறு மாநிலத்திலும் பயன்படும்படி அமைத்த திட்டம் அது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசித்து, தொழிலாளர் துறைச் சான்று பெற்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் சேரலாம். சாலை விபத்து என்றால் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம் எந்த மாநிலத்தவருக்கும் உண்டு. ‘ஆதார் அட்ரஸ் வேற, கிடையாது’ என்று வாய்க்கு வந்தபடி திருப்பி அனுப்பாதீர்கள்.

குழந்தையின் பிறப்பைப் பதியும்போது அப்பா அம்மா பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். ஒரு எழுத்துப் பிழைக்கு அந்தக் குடும்பம் இரண்டாயிரம் கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: சாப்பாடு, புகையிலை, விரதம்

‘இட்லி, ராகிக் கஞ்சி சாப்பிடுங்கள்’ என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தால் அது குப்பைக்குப் போகும். பீகார்க்காரருக்குச் சத்து மாவும் கிச்சடியும் சொல்லுங்கள். அங்கே ‘சத்து’ என்பது வறுத்த கடலை மாவு, நல்ல புரதம், விலையும் குறைவு. ஒடிசாவில் ‘பகாள’ என்பது நம் பழைய சோறேதான். சர்க்கரை நோயாளிக்கு அதில் எவ்வளவு என்று தட்டில் அளந்து காட்டுங்கள்.

புகையிலை பற்றிக் கேட்கும்போது ‘பீடி, சிகரெட் உண்டா?’ என்றால் இல்லை என்பார்கள், பொய் இல்லை. ‘கைனி போடுவீர்களா?’ என்று கேளுங்கள், கைனி என்பது வாயில் அடக்கும் புகையிலை. அதைவிட முக்கியம், ‘பல் எதில் விளக்குவீர்கள்?’ என்ற கேள்வி. ‘குல்’ என்ற புகையிலைப் பொடியும், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் ‘குடாக்கு’ என்ற புகையிலைப் பசையும் பல் விளக்கப் பயன்படுத்துகிறார்கள், பெண்களும்தான். அதை அவர்கள் புகையிலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வாயைத் திறந்து கன்னத்தின் உட்பக்கம் பாருங்கள்.

தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. தண்ணீர்கூடக் குடிக்காமல் 36 மணி நேரம் இருப்பார்கள். பிள்ளைகளுக்காகத் தாய்மார் இருக்கும் ஜிதியா விரதமும் அப்படித்தான். ரம்ஜான் நோன்பும் உண்டு. இன்சுலின் போடுபவர், கர்ப்பிணி, சிறுநீரக நோயாளி யாராக இருந்தாலும் ஒரு மாதம் முன்பே பேசுங்கள். ‘இருக்கக் கூடாது’ என்று மட்டும் சொன்னால் நமக்குத் தெரியாமல் இருப்பார்கள்.

இன்னும் ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை: மனம். 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போன பலரைப் பார்த்தேன். அந்தப் பயம் இன்னும் சிலர் மனதில் இருக்கிறது. ‘கம்ஸோரி’, பலவீனம் என்று திரும்பத் திரும்ப வரும் இளைஞரை டானிக் கொடுத்து அனுப்பாமல், தூக்கம் எப்படி, வீட்டோடு பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் பல மொழிகளில் பேசுவார்கள், அவர்களுடைய மொழியைத் தேர்ந்தெடுக்க நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.

மாறியவர்கள் நோயாளிகள் மட்டும் இல்லை. தனியார் மருத்துவமனைகளிலும் வீட்டுப் பராமரிப்பிலும் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்கள் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், எண்பது வயசுப் பாட்டிக்குத் துணை மணிப்பூர்ப் பெண். பாட்டி ‘கிறுகிறுங்குது’ என்றால் அவளுக்கு என்ன தெரியும்? அவர்களுக்கும் அந்த இருபது சொல் அட்டையைத் தமிழில் செய்து கொடுங்கள். வட்டாரச் சொற்களை மறக்காமல் சேருங்கள்.

கடைசிப் படி: ரயிலுக்கு முன்

டிஸ்சார்ஜ் என்றதும் அவர்கள் நேராக ஸ்டேஷனுக்குப் போவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் தன்பாத் ரயில் ஏறினால் ஜார்க்கண்ட் போய்ச் சேர இரண்டு நாளுக்குக் கிட்ட ஆகும், பெரும்பாலும் முன்பதிவில்லாப் பெட்டியில், நின்றுகொண்டு. தையல் போட்டவருக்கு அது தாங்குமா என்று யோசித்துத் தேதியைச் சொல்லுங்கள். கட்டு மாற்றத் துணியும், வழிக்கும் போய்ச் சேர்ந்து பத்து நாளைக்கும் போதுமான மாத்திரையும் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு எழுதுங்கள். ஒடிசாவின் ரூர்கேலாவில் இருக்கும் மருத்துவருக்கு நம் தமிழ்க் குறிப்பு உதவாது.

டி.பி. நோயாளி என்றால், அரசின் டி.பி. இணையப் பதிவான நிக்ஷயில் உள்ள எண்ணை அவர் கையிலும், கூட வந்தவர் போனில் படமாகவும் கொடுங்கள். போகும் மாவட்டத்துக்கு நிக்ஷயில் மாற்றிவிடுங்கள். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் முன்னால் டி.பி. பதிவேட்டை எடுத்து, ஊருக்குப் போகிறவர் யார் என்று ஒவ்வொருவரையும் கேட்பது என் வழக்கம். அந்த இரண்டு மாதத்தில்தான் மருந்து விட்டுப்போகும்.

போன் எண் இரண்டு வாங்குங்கள். இங்கே வைத்திருக்கும் சிம் போய்விடும், ஊரில் அப்பா அல்லது முகியாவின் (ஊர்த் தலைவரின்) எண்ணும் வேண்டும். வாங்கிய கையோடு, அவர் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, அந்த இரண்டாவது எண்ணுக்கு ஒரு முறை அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் எடுப்பவரிடம், உங்கள் பையன் நன்றாக இருக்கிறான், நாளை மறுநாள் வந்துவிடுவான் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.